நாற்காலி நடிக்கப் போன நாள்

ஒரு நாள் வாடகை ஆயிரத்து இருநூறு என்றார்கள்.
எனக்கல்ல, என் சக்கர நாற்காலிக்கு.
புதியது பளபளவென்றிருக்கிறதாம்.
கைப்பிடியில் ரெக்சின் உரிந்து
டயரில் கோத்தகிரிச் சேறு காய்ந்த
இதுதான் நேச்சுரல் என்று
உதவி இயக்குநர் குனிந்து தட்டிப் பார்த்தார்,
சந்தையில் மாடு பிடிப்பவரைப்போல.

என்னை இறக்கி
நீல பிளாஸ்டிக் சேரில் வைத்தார்கள்.
அதற்குச் சக்கரம் இல்லை.
ஆகவே காலை ஏழிலிருந்து மூன்று மணி வரை
சில்வர் ஓக் மரத்தடியை விட்டு
நான் எங்கும் போகவில்லை.
ஒண்ணுக்குக்கூட.

நாயகன் நல்லவர். வந்து கைகொடுத்தார்.
"எப்படி உருட்டணும்னு காட்டுங்க மேடம்."
காட்ட என்னிடம் நாற்காலி ஏது,
காற்றில் இரண்டு வட்டம் போட்டேன்.
தோள் தொங்கி, கண்ணில் நீர் தேங்கி,
கப்பல் கவிழ்ந்தவர்போல அவர் உருட்டினார்.
நான் அப்படி உருட்டியிருந்தால்
டானிங்டன் ஏற்றத்தில் மினிபஸ்காரன்
என்றைக்கோ என்மேல் ஏற்றியிருப்பான்.

கடைசிக் காட்சி.
காதலியின் குரல் கேட்டு அவர் எழுகிறார்.
அவ்வளவுதான், எழுகிறார்.
பத்து வருடத்துப் பிசியோதெரபிச் சீட்டுகளில்
இந்த வைத்தியத்தை யாரும் எனக்கு எழுதித்தரவில்லை.
எழுந்தவர் நாற்காலியை உதைக்க,
தேயிலைச் சரிவில் உருண்டு
அது மூடுபனிக்குள் மறைய வேண்டும்.
ஐந்து டேக்.
ஒவ்வொரு முறையும் நாலுபேர் இறங்கித்
தூக்கிவந்தார்கள், துடைத்தார்கள்,
மறுபடியும் உதைக்கக் கொடுத்தார்கள்.

படம் வந்தது. குன்னூர்த் தியேட்டருக்குப் பதினேழு படி.
மாதிதான் போனாள், அண்ணன் மகனோடு.
பார்வை இல்லாதவள், கேட்டுவிட்டு வந்தாள்.
"கடைசியில ஒரே கைதட்டல்.
அதுக்கு நடுவுல இடது சக்கரம் கீச்சுன்னுச்சு.
செவந்தி, அது உன்னோடதுதானே?"

நான் அழவில்லை. கணக்குப் பார்த்தேன்:
வளைந்த கம்பி நான்கு,
மாற்ற இரண்டாயிரத்து நூறு.

பிறகுதான் எங்கள் படம்.
அல்போன்ஸின் பழைய செல்போனைக்
கைப்பிடியில் ரப்பர் பேண்டால் கட்டினோம்.
பேருந்து நிலையத்திலிருந்து தாலுகா ஆபீஸ் வரை
நாற்பத்தொரு நிமிடம். கதை இல்லை.
என் உயரத்தில் கோத்தகிரி:
ஸ்வெட்டர் பொத்தான்கள், கேரட் மூட்டை,
ஒரு நாயின் நேர்ப்பார்வை,
என்னை விட்டுவிட்டு,
பின்னால் வரும் காது கேளாத அல்போன்ஸிடம்
"இவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்கும்
ஒரு முகவாய்.
முடிவில் சாய்தளம்.
திறப்புவிழாப் புகைப்படத்துக்காகக் கட்டியது,
தொட்டபெட்டாவுக்குத் தம்பி.
அங்கே படம் நிற்கிறது. நானும்.

மாதிக்காகக் காட்சிகளை நான் குரலில் சொன்னேன்.
அல்போன்ஸுக்காக மாதி ஓசைகளைச் சொல்லச் சொல்ல
நான் அடியில் எழுதினேன்:
லாரி ஹாரன்.
பால் கேன் மூடி.
ஐயோ பாவம், பெண்குரல்.
ஐயோ பாவம், ஆண்குரல்.
மழை.
ஐயோ பாவம், அதே ஆண்.
அல்போன்ஸ் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தான்.
இத்தனை வருடம் உதடுகள் அசைந்ததெல்லாம்
இதற்குத்தானா என்று கைகளால் கேட்டான்.

இதுவரை பார்த்தவர்கள் பத்தொன்பது பேர்.
தாசில்தார் சாய்தளம் வரும்வரை பார்த்தார்,
சரியாக அப்போது அவருக்கு ஒரு போன்.
அரவேணுப் பள்ளியில் ஒரு பையன்
"கடைசியில எந்திரிக்கலையா அக்கா?" என்றான்.
இல்லை என்றேன்.
கொஞ்சம் யோசித்துவிட்டு
நாய் வரும் இடத்தை மறுபடி போடச் சொன்னான்.

இடது சக்கரத்துக்கு எண்ணெய் விட
நேற்று டப்பாவைத் திறந்தேன்.
மாதி மூடிவிட்டாள்:
"அப்புறம் நீ வர்றது எனக்கு எப்படித் தெரியும்?"